பூஜையில் வைத்த துப்பாக்கி

ஜூலை 8, 2000 – சனி

துணி துவைக்கிற மெஷின் இன்றும் குதித்துக் குதித்து ஓர் அடி நகர்ந்துவிட்டது. ஆள் கூப்பிட வேண்டும். இவரிடம் சொன்னால் "பார்க்கலாம் மரகதம்" என்கிறார். இவருக்கு எங்கே நேரம்? துப்பாக்கி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆமாம், துப்பாக்கி. எழுதும்போதே கை கூசுகிறது. எல்லாம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் டேலால் வந்தது. ஒரே ஆபீஸ், ஒரே காரில் போக்குவரத்து, அது போதாதென்று சனிக்கிழமைகளில் இவரை எங்கேயோ வயல்காட்டுக்குக் கூட்டிப் போகிறார். மெஷின் ஒன்று ஆரஞ்சு நிற மண்தட்டை வானத்தில் வீசுமாம். அதைச் சுட வேண்டுமாம். தட்டு சிதறினால் எல்லோரும் கை தட்டுவார்களாம். இந்த மனுஷன் ஊரில் தீபாவளி அணுகுண்டுக்கே காதைப் பொத்திக்கொள்வார் என்று மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது டேலின் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டது போதாது, சொந்தமாக ஒன்று வேண்டுமாம்.

வான்மதிக்கு எட்டு வயசு. எட்டு வயசுப் பிள்ளை இருக்கிற வீடு. இதை எத்தனை தரம்தான் சொல்லுவது?

ஜூலை 14 – வெள்ளி

சாப்பாட்டு மேஜை முழுக்கத் துப்பாக்கிப் புத்தகங்கள். தட்டு வைக்க இடமில்லை. கார் வாங்கும்போது கேம்ரியா அக்கார்டா என்று மூன்று மாதம் ஆராய்ச்சி பண்ணின அதே மூளை இப்போது இதில் இறங்கிவிட்டது. மண்தட்டு சுடக் கனமான துப்பாக்கி நல்லதாம், கையில் ஆடாமல் திரும்புமாம். செப்டம்பரில் புறா சுட வயலில் நாளெல்லாம் தூக்கிக்கொண்டு நடக்க லேசானது வேண்டுமாம். இரண்டுக்கும் ஒன்றே போதும்படி எது என்பதுதான் இவருடைய தலைபோகிற பிரச்சினை.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப பஜ்ஜி ஆறுறதுக்குள்ள சரின்னுட்டீங்க. இதுக்கு மட்டும் இத்தனை நாளாங்க?" என்று கேட்டேன்.

"உன்னை ரிட்டர்ன் பண்ண முடியாதுன்னு அப்பத் தெரியாது அம்மணி" என்றார், தலையைத் தூக்காமலே.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக்கூடாது. சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற ஆள்.

ஜூலை 22 – சனி

இன்று என்னையும் கடைக்கு இழுத்துப் போனார். "நீ வந்து பாரு, பார்த்தா பயம் போயிரும்" என்றார். போனது எங்கே? இன்னும் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

சூப்பர்மார்க்கெட்டில் துடைப்பம் நிறுத்தி வைத்த மாதிரி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சாவகாசமாக விலை கேட்கிறாள். கடைக்காரர் வயசானவர், நல்ல மரியாதை. இவருக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைக்கச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லிவிட்டு, நேராகக் குழலுக்கு எதிரே போய் நின்று, இவர் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். குழலுக்கு எதிரே! அவர் முகம், அதற்கு இந்தப் பக்கம் என் புருஷனின் விரல்!

"ஏனுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. தள்ளுவண்டிக் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. காலிதான் என்று முன்னாலேயே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்களாம். தைக்கிறவர் அளவெடுக்கிற மாதிரி இதுவும் ஓர் அளவாம். இவருக்குக் கை நீளம் கம்மி, இங்கத்திய துப்பாக்கிகளில் தோளில் வைக்கிற மரக் கட்டை எல்லாம் நீளம், கொஞ்சம் அறுத்துக் கொடுப்பாராம்.

வெளியே வரும்போது சுவரில் அதைப் பார்த்தேன். ஒரு பழைய துப்பாக்கிக் குழல். நுனி வாழைப்பழத் தோல் உரித்த மாதிரி நாலா பக்கமும் பிளந்து சுருண்டிருந்தது. குளவி உள்ளே மண்கூடு கட்டியிருந்ததாம். ஒருத்தர் பார்க்காமல் சுட்டுவிட்டாராம். வாயில் எது அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகுமாம், மண்ணோ துணியோ எதுவானாலும். பிடித்திருந்த கை என்ன ஆச்சு என்று கேட்டேன். கடைக்காரர் தன் இடது கையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

ஜூலை 23 – ஞாயிறு

சோறு இறங்கவில்லை. முருங்கைக்காயைப் பார்த்தால்கூட அந்தக் குழல்தான் ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் 5 – சனி

முடிவாகிவிட்டது. கடைசியில் தேர்ந்தெடுத்தது நான் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

இரண்டு துப்பாக்கியில் வந்து நின்றார். ஒன்று ஆட்டோமேட்டிக்காகக் குண்டு ஏறிக்கொள்வது. இன்னொன்று மேலே ஒரு குழல், கீழே ஒரு குழல். நடுவில் மடக்கினால் வாழைக்காய் ஒடிக்கிற மாதிரி வாய் பிளந்துகொள்கிறது. பின்பக்கம் கண்ணை வைத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரிகிறது. குண்டு இருக்கிறதா, வேறு ஏதாவது அடைத்திருக்கிறதா, எல்லாம் பளிச்சென்று. அந்த ஆட்டோமேட்டிக்கில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

"வாங்கியே தீருவேன்னா இதை வாங்குங்க. எட்டிப் பார்த்தா தெரியுற மாதிரி இருக்கறதை வாங்குங்க" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் நான் சும்மா விடவில்லை. ஒவ்வொரு தரமும் சுடுவதற்கு முன் இரண்டு குழலிலும் எட்டிப் பார்ப்பேன் என்று வான்மதி தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பிள்ளை தலையில் பண்ணமாட்டேன் என்றார். என் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்.

"நீ ரொம்ப வொர்ரி பண்ற மரகதம்."

பண்ணுகிறேன். யாராவது ஒருத்தர் பண்ண வேண்டாமா?

செப்டம்பர் 1 – வெள்ளி

இன்று புறா சீசன் ஆரம்பம். ஏதோ தேர்த்திருவிழா மாதிரி ஆபீஸில் பாதிப் பேர் லீவாம். இவருடையது இன்னும் கட்டை அறுத்து வரவில்லை, அதனால் டேலின் பழைய துப்பாக்கியோடு இவரும் விடியுமுன் போய்விட்டார். நான் சமையலறை ஜன்னலைவிட்டு நகரவில்லை. போன் அடித்தபோதெல்லாம் பாய்ந்து எடுத்தேன். இரண்டு தரமும் கார்ப்பெட் கிளீனிங்காரன். அவனைத் திட்டின திட்டு அவனுக்குப் புரிந்திருக்காது.

ஐந்து புறாவோடு, வெயிலில் கறுத்து, சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். மிளகு போட்டு வறுத்தேன். வான்மதி, "தே வேர் அலைவ் திஸ் மார்னிங்!" என்று ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கறி நன்றாகத்தான் இருந்தது. அதை இவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 23 – சனி

வந்துவிட்டது. வால்நட் மரக் கட்டை, எண்ணெய் மினுமினுப்பு. அழகாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போனது.

இரும்பு அலமாரியில் பூட்டியாகிவிட்டது. குண்டுகள் வேறிடத்தில், வேறு பூட்டில். அலமாரிச் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். முதலில் துவரம்பருப்பு டப்பாவில் வைத்தேன். வான்மதி சுண்டலுக்கு டப்பாக்களை உருட்டுகிறவள் என்று தோன்றியதும் எடுத்துப் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். பிறகு அதுவும் சரியில்லை என்று தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன்.

"இனி சுடணும்னா உன்னைக் கட்டிப்பிடிச்சாத்தான் முடியும் போல" என்கிறார். பேச்சைப் பாரு.

அக்டோபர் 4 – புதன்

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கார் சாவி, தையல் மெஷின், இவருடைய லேப்டாப், வான்மதியின் கால்குலேட்டர் எல்லாம் வழக்கம்போல. அது? பிளேனோவில் இருக்கிற புஷ்பவல்லி ஆன்ட்டிக்கு போன் பண்ணிக் கேட்டேன். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் பூஜை சந்தேகம் தீர்க்கிறவர் அவர்தான்.

"அடியே, நாங்கள்லாம் ஆயுத பூஜைன்னு சொல்லிட்டு ஸ்க்ரூடிரைவரை வெச்சுக் கும்பிடுறோம். நிஜமாவே ஆயுதம் இருக்கிற வீடு உன்னோடதுதான். வைக்காம விட்டா எப்படி?" என்று சிரித்தார். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, "வெச்சுடு. வெச்சா காப்பாத்தும். ஆனா மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து ஒரு தரமாவது யூஸ் பண்ணிடணும், மறந்துடாத" என்றார்.

வைத்தால் காப்பாற்றும். இந்த வார்த்தை மனசில் நின்றுவிட்டது.

அக்டோபர் 6 – வெள்ளி

பூஜை நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் நெஞ்சு லேசாக இருக்கிறது.

பட்டுத்துணி விரித்து, குழலைத் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் கழற்றி வைத்துக் கொடுத்தார். குழலுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூச்சரம் எல்லாம் நானே வைத்தேன். இவர் பொரியில் பொட்டுக்கடலை கலக்கிறேன் என்று பாதியைத் தின்றுகொண்டிருந்தார். கற்பூரம் காட்டும்போது, "தாயே, இதைத் தொடுகிற கைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாளைக்குக் காலையில் டேலோடு போய்ச் சுட்டுவிட்டு வாருங்கள் என்று நானே சொன்னேன். இவர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

அக்டோபர் 7 – சனி, விஜயதசமி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வரட்டும்.

காலையில் இவரே சந்தனத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பெட்டியை நான்தான் கையில் எடுத்துக் கொடுத்தேன், வலது கையால், நல்ல நேரம் பார்த்து. பிறகு பூஜை சாமான்களை எடுத்து வைக்க உட்கார்ந்தேன். விளக்குக்குத் திரி போட வாங்கின பஞ்சு பாதிக்கு மேல் காணோம். இவ்வளவு திரியா போட்டோம் என்று யோசித்தேன்.

போடவில்லை. பஞ்சை வைத்தது நான். குழலில்.

குங்குமம் உள்ளே கொட்டிவிடக்கூடாது, புதுசு, பாழாகிவிடுமே என்று, இரண்டு வாயிலும் பஞ்சை உருட்டி அடைத்தேன். வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கிறதென்று விரலை அடிவரை விட்டு அழுத்தினேன். அழுத்தி! அதன் மேல்தான் பூ வைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன்.

ஐயோ, அந்தக் கடைச் சுவரில் தொங்கினதைப் பார்த்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நான்தானே? எப்படி மறந்தேன்? பட்டுத்துணியில் பூவும் பொட்டுமாக இருந்தபோது அது துப்பாக்கியாகவே எனக்குத் தெரியவில்லை. சாமி சாமான் மாதிரி இருந்தது.

இவருக்கு போன் பண்ணினேன். சமையல் மேடையிலேயே மணி அடித்தது, சார்ஜரில் மாட்டினபடி. டேலின் வீட்டில் ஆளில்லை. சுடுகிற இடத்து நம்பருக்கு அடித்தால் ரெக்கார்ட் பண்ணின குரல் திறக்கிற நேரம் சொல்கிறது. அதோடு என்ன பேச?

வான்மதியை நைட் டிரெஸ்ஸோடு காரில் ஏற்றினேன். எனக்குப் பள்ளிக்கூடமும் கடையும்தான் வழி தெரியும். ஃப்ரீவே என்கிற பெரிய ரோட்டுப் பக்கம் போனதே இல்லை. இவர் மேஜையில் எழுதி வைத்திருந்த வழிச் சீட்டை எடுத்துக்கொண்டு இன்று போனேன். பக்கத்தில் லாரி வரும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் நகம் பதிந்திருக்கிறது.

"ம்மா, யூ ஆர் ஆன் த ஃப்ரீவே!" என்றாள் வான்மதி.

"பேசாம இரு கண்ணு. சாமி கும்பிடு."

"வாட் ஹாப்பன்ட்? இஸ் அப்பா ஓகே?"

என்ன சொல்வது? உங்கப்பாவுக்கு நான் என்ன பண்ணி வைத்திருக்கிறேன் என்றா? பின்னாலிருந்து சின்னக் குரலில் "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று கேட்டது. அவள் தமிழில் வாய் திறப்பது அதற்கு மட்டும்தான்.

குதிரைப் பண்ணைகளைத் தாண்டி மண் ரோட்டில் திரும்பினதும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டப். டப். ஒவ்வொன்றுக்கும் இதுவா, இதுவா என்று உயிர் போய் வந்தது. சத்தம் நிற்கும்போது இன்னும் மோசம். ஏன் நிறுத்தினார்கள்?

காரைக் குறுக்கே போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது.

இவர் டேலின் பிக்கப் வண்டிப் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி மடக்கினபடி கிடந்தது. இரண்டு கையும் இருந்தது. முதலில் பார்த்தது அதைத்தான். பத்து விரலும்.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் எழுந்து வரவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இரண்டு பஞ்சு உருண்டை, நுனியில் குங்குமம்.

"எட்டிப் பார்த்தேன். இருட்டா இருந்துச்சு" என்றார். பிறகு, "இது என்ன மரகதம்?"

"குங்குமம்… உள்ள விழுந்துருமேன்னு… புதுசாச்சேன்னு…"

இவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமில்லாத பார்வை. டேல் தூரத்தில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வான்மதி ஓடி வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இவர் ஒரு தட்டுகூடச் சுடவில்லை. துப்பாக்கியை டேலிடமே கொடுத்துவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு எங்களைக் கூட்டி வந்தார்.

அக்டோபர் 8 – ஞாயிறு

பேசவில்லை. நான் போட்ட காபியை வைத்த இடத்திலேயே ஆறவிட்டு, தானே போட்டுக் குடித்தார். பதினோரு வருஷத்தில் இது முதல் தரம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்றைய பயம் வேறு. அது ஓடிப்போய்ப் பார்த்ததும் தீர்ந்துவிட்டது. இது எதைப் பார்த்தால் தீரும்?

அக்டோபர் 11 – புதன்

இன்று கேட்டேவிட்டேன். வான்மதி பள்ளிக்கூடம் போன பிறகு, ஆபீஸுக்குக் கிளம்பினவரை வாசல் கதவில் மறித்துக்கொண்டு. "என்னதான் நினைச்சுட்டு இருக்கீங்க? சொல்லிட்டுப் போங்க."

கார் சாவியை விரலில் உருட்டினார். பிறகு சொன்னார்.

"ஆரம்பத்துல இருந்தே உனக்கு அது பிடிக்கலை. வாய் அடைச்சா என்ன ஆகும்னு அந்தக் கடையில பார்த்தவ நீ. சனிக்கிழமை நீயே போகச் சொன்ன. உள்ள பஞ்சைப் பார்த்ததும் ஒரு நிமிஷம்…"

"ஒரு நிமிஷம்?"

"வேணும்னே பண்ணிட்டயோன்னு."

அடப்பாவி மனுஷா! என்ன பேசினேன் என்று முழுசாக ஞாபகமில்லை. என்னைக் கொலைகாரின்னு நினைச்சுட்டு நாலு நாளா என் கூட ஒரே வீட்ல படுத்து எந்திரிக்கறீங்களா, எட்டிப் பார்க்கணும்னு கையடிச்சுச் சத்தியம் வாங்கினவ யாரு, கொல்லணும்னு நினைக்கறவ சத்தியம் வாங்குவாளா, ஃப்ரீவேயில போனனே, எனக்காகவா போனேன், செருப்புக்கூட இல்லாம ஓடி வந்தனே… கையில் கிடைத்த துப்பாக்கிப் புத்தகத்தை எடுத்து வீசினேன். ஜன்னல் திரையில் பட்டு விழுந்தது.

இவர் குனிந்து அதை எடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், டையோடு, ஷூவோடு.

"சத்தியம் பண்ணினதாலதான் பார்த்தேன். இல்லேன்னா அவசரத்துல பார்த்திருக்கமாட்டேன் மரகதம். டேல் ஏற்கனவே சுட ஆரம்பிச்சுட்டாரு" என்றார். "அது தெரிஞ்சும் உன்னைப் பத்தி அப்படி நினைச்சேன் பாரு. அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. எப்படி உன்கிட்ட வந்து சொல்றதுன்னு தெரியலை."

நான் சமாதானம் சொல்லவில்லை. கோபம் போகவில்லை. உள்ளே போய்க் காபி போட்டேன். குடித்தார். ஆபீஸுக்கு லேட்.

அக்டோபர் 26 – வியாழன், தீபாவளி

துப்பாக்கியை விற்றுவிடலாமா என்று கேட்டார். விற்றால் அந்த ஒரு நிமிஷமும் சேர்ந்து போய்விடுமா?

நவம்பர் 12 – ஞாயிறு

டேல் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எண்ணெய் எல்லாம் போட்டுத் துடைத்திருந்தார். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல மனுஷன். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி மறுபடி கொடியில். குளிக்கும்போது நெஞ்சில் சில்லென்று படுகிறது. பயம் இருக்கத்தான் செய்கிறது.

நவம்பர் 25 – சனி

குளிர். புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. மூன்று பேரும் போனோம். போகும்போது கொஞ்ச தூரம் ஃப்ரீவேயில் நான் ஓட்டினேன். இவர் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

வான்மதி டேலின் வண்டிக்குள் உட்கார்ந்து காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டாள். டேல் தட்டு வீசுகிற மெஷின் பக்கம் போனார். இவர் குழலையும் கட்டையையும் பூட்டினார், நடுவில் மடக்கினார், கண்ணருகே கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார். பிறகு என் பக்கமாக நீட்டினார்.

"நீ பாரு."

"நீங்க பாருங்க."

"நான் பார்க்கப்போறதில்லை. நீ பார்த்துச் சொல்லு, நான் சுடறேன்."

கனமாக இருந்தது. வாங்கிக் கண்ணை வைத்தேன். மேல் குழல் வழியே வட்டமாக வானம். கீழ்க் குழல் வழியேயும் வானம்.

"ஒண்ணுமில்லைங்க. சுடுங்க" என்றேன்.

வாங்கிக்கொண்டார். தான் ஒரு தரம் எட்டிப் பார்க்காமலே குண்டு போட்டார்.